ஒரே தட்டில் இரண்டு பேர்

நானும் என் தங்கையும் ஒரே நாளில் பிறந்தவர்கள். ஒரே முகம், ஒரே உயரம், அதே சப்பை மூக்கு. சில நிமிஷம் முந்திக்கொண்டதால் எனக்கு அக்கா என்ற பட்டம் கிடைத்தது. பட்டம்தானே தவிர, அவள் என்னை அப்படிக் கூப்பிட மாட்டாள். வாடி, போடிதான். ஏதாவது தப்பு செய்துவிட்டு மாட்டிக்கொண்டால் மட்டும் அந்த வாயிலிருந்து "அக்கா" என்று தேன் ஒழுகும். அதைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் தட்டும், இந்தமுறை என்ன செய்து தொலைத்தாளோ என்று.

எங்கள் அம்மா ஒரு காரியம் செய்தாள். ஆளுக்கொரு தட்டு வைத்தால் "அவளுக்கு நிறைய, எனக்குக் கொஞ்சம்" என்று இரண்டும் கத்துகின்றன என்று, ஒரே பெரிய தட்டில் சோற்றைப் போட்டு நடுவில் வைத்துவிட்டாள். சண்டை நின்றது உண்மை. ஆனால் பந்தயம் ஆரம்பித்தது. யார் வேகமாக விழுங்குகிறாளோ அவளுக்குக் கூட ஒரு கவளம். மெல்லுவதாவது ஒன்றாவது! பேச்சு கிடையாது, தண்ணீர் கிடையாது, தலை நிமிர்வது கிடையாது. அம்மா குழம்புச் சட்டியை மூடிவைத்துவிட்டுத் திரும்புவதற்குள் தட்டு காலி. கல்யாணமாகி நான் விழுப்புரத்திலும் அவள் திண்டிவனத்திலும் குடித்தனம் வைத்து, தனித்தனித் தட்டு கிடைத்த பிறகும் பந்தயம் எங்களை விடவில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் அப்பளத்தை நொறுக்கும்போது நாங்கள் கை கழுவப் போய்க்கொண்டிருப்போம்.

அப்பாவுக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. உடம்பிலும் சர்க்கரை. ஆலையிலிருந்து வீட்டுக்கும் கொஞ்சம் கொண்டுவந்துவிட்டார் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பு கடைசிவரை நிற்கவில்லை. காலில் ஒரு சின்னப் புண், ஆறவில்லை, முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பிறகு கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத காலைச் சொறிவதற்குக் கையை நீட்டுவார். கை வெறும் பாயைத் தொட்டதும் எங்களைப் பார்த்து அசடு வழிவார். அந்தப் பார்வையை நானும் மறக்கவில்லை, அவளும் மறக்கவில்லை.

எனக்கு நாற்பதைத் தாண்டியதும் சர்க்கரை வந்தது. அவளுக்கு வரவில்லை.

நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிற டீச்சர். மரபியல் பாடம் வந்தால் என் தங்கையைத்தான் உதாரணமாக இழுப்பேன். "ஒரே கருமுட்டையிலிருந்து வந்தவர்கள் நாங்கள். மரபணு எழுத்துக்கு எழுத்து ஒன்று. அப்புறம் எப்படி எனக்கு மட்டும் சர்க்கரை?" என்று கேட்டால் வகுப்பு விழித்துக்கொள்ளும். "நீங்க கோபப்படுறீங்க மிஸ், அவங்க படமாட்டாங்க" என்று பக்கத்துக் கிராமம் காணையிலிருந்து வரும் ஒருத்தி ஒருமுறை சொல்ல, வகுப்பே சிரித்தது. கோபம் வந்துவிட்டது எனக்கு. அவள் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் பேஜாரு.

பிள்ளைகளுக்கு நான் சொல்லும் விளக்கம் இது. விழுப்புரத்து மாதா கோயிலிலும் திண்டிவனத்து மாதா கோயிலிலும் பாடகர் குழுவிடம் இருப்பது ஒரே பாட்டுப் புத்தகம். ஆனால் எந்த ஞாயிற்றுக்கிழமை எந்தப் பாட்டு என்பதை அந்தந்தக் குழு முடிவு செய்யும். சில பக்கங்களின் மேல் சீட்டு ஒட்டி மூடிவிடுவார்கள். சிலதை வாரம் தவறாமல் பாடுவார்கள். உடம்பும் அப்படித்தான், மரபணுக்களின் மேல் சின்னச் சின்ன வேதிக் குறிகளை ஒட்டுகிறது, எடுக்கிறது. நாம் சாப்பிடுவது, நடப்பது, தூங்குவது, மனசைப் போட்டு அலட்டிக்கொள்வது எல்லாம் அந்தக் குறிகளில் கை வைக்கின்றன. எவ்வளவு தூரம் என்று ஆராய்கிறவர்களே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள், பத்து நிமிஷம் கண்ணை மூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எவனாவது வீடியோ போட்டால் நம்பாதீர்கள் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுவேன்.

இவ்வளவும் தெரிந்த நான் எப்படிச் சாப்பிட்டேன் என்று கேட்காதீர்கள். கேட்டாலும் சொல்லத்தான் போகிறேன். காலையில் அடுப்படியில் நின்றபடி இட்லியை விழுங்குவேன். மத்தியானம் ஒரு கையில் சிவப்புப் பேனாவும் மறு கையில் ஸ்பூனுமாக விடைத்தாளோடு சாப்பாடு. சாயங்காலம் போனைத் தள்ளிக்கொண்டே மல்லாட்டை, வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர். உரித்த தோல் மடியில் குவிந்த பிறகுதான் தின்றது நான்தான் என்றே தெரியும்.

போன மாசிமாதம் என் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். என் மகள் வயசு இருக்கும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஒன்பதைத் தாண்டியிருந்தது.

"டீச்சர், மாத்திரை இதுக்கு மேல ஏத்த முடியாதுங்க. மூணு மாசம் டைம் தர்றேன். ஏழு பக்கத்துல வரலன்னா இன்சுலின் ஊசி ஆரம்பிச்சிடலாம்."

"ஊசியா!"

"தண்டனை இல்லைங்க, அதுவும் மருந்துதான். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு செய்ங்க. சாப்பிடும்போது சாப்பிடுங்க. வேற எதுவும் பண்ணாதீங்க. தட்டைப் பாருங்க, மெல்லுங்க. தூங்குங்க. நடங்க. கோவம் வந்தா மூச்சை கவனிங்க."

மூச்சைக் கவனித்தேன். அது கோபமாகவே வந்தது.

எனக்கு ஊசி என்றால் சின்ன வயசிலிருந்தே ஆகாது. பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்தால் என் தங்கைதான் எனக்கும் சேர்த்து இரண்டு முறை வரிசையில் நின்று சிரித்துக்கொண்டே கையை நீட்டுவாள், நான் கழிவறையில் ஒளிந்திருப்பேன். அதைவிட, ஊசி என்றதும் அப்பா வெறும் பாயைத் தொட்ட கைதான் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று அவளுக்கு போன் போட்டு அழுதேன்.

"ஏண்டி இதுக்குப் போயி அழுதுக்கினு? நீ டென்ஷன் ஆவாத. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

நீ எதைடி பார்த்துக்கொள்வாய், உடம்பு என்னுடையதாயிற்றே என்று நினைத்தேன்.

அது தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள். எங்கள் ஆட்களுக்கு உடம்பைத் திருத்தும் ஒரே வழி ஒருசந்திதான். காலையில் பட்டினி, மத்தியானம் ஒருவேளைச் சாப்பாடு. பட்டினி கிடந்துவிட்டோம் என்ற பெருமையில் அந்த ஒருவேளைக்கு நான் போட்டுக்கொண்ட சோற்றைப் பார்த்து என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"இன்னாம்மா இது, மூணு வேளையும் ஒரே தட்டுல இருக்குது?"

"சேசுவே, சாப்பிடுறவளக் கண்ணு வைக்காதீங்க" என்று சீறினேன். ஆனால் அன்றைக்குத்தான் முதல்முறையாக என் தட்டை நான் பார்த்தேன். உண்மையில் மூன்று வேளை இருந்தது. பாதியை எடுத்துச் சட்டியில் திரும்பப் போட்டேன். மீதியை உட்கார்ந்து மென்றேன். மெல்ல ஆரம்பித்தால் சோறு இனிக்கிறது! ஐம்பது வயதில் எனக்கு அது செய்தி.

அதன்பிறகு மெதுவாக ஒழுங்குக்கு வந்தேன். ஒருசந்தியை விட்டேன், சாமியாரே சர்க்கரைக்காரர்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார். போனை வேறு அறையில் வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். காலையில் கேப்பை அடை ஒன்று, ஒன்றோடு நிறுத்தம். விடியலில் தெருவைச் சுற்றி நடந்தேன். பத்தாம் வகுப்புப் பையன்கள் கத்தினால் உடனே பாயாமல் இரண்டு மூச்சு விட்டுவிட்டுப் பாய்ந்தேன். "மிஸ், ஒடம்பு சரியில்லைங்களா?" என்று கேட்டான்கள்.

ஆனால் பயம் போகவில்லை. மூன்று மாதம் முடிந்தும் ரத்தம் கொடுக்கப் போகாமல் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். தினமும் தங்கையிடம் போனில் புலம்பினேன். அவளோ சீரியல் சத்தத்துக்கு நடுவே எதையோ நொறுக்கிக்கொண்டே "உம், உம்" என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு வியாழக்கிழமை, நான்காவது பாடவேளை முடிந்து வெளியே வருகிறேன், போனில் என் பெயருக்கு லேப் ரிப்போர்ட் வந்து கிடக்கிறது. ஆறு புள்ளி இரண்டு.

ரத்தமே கொடுக்காதவளுக்கு ரிப்போர்ட்! மூச்சைக் கவனிக்கவெல்லாம் நேரமில்லை. லேபுக்குப் போன் போட்டுக் கத்தினேன். யாருடைய ரத்தத்தை யார் பெயரில் போடுகிறீர்கள், உயிரோடு விளையாடுகிறீர்களா என்று. எதிர்முனையில் இருந்த பெண் பயந்துவிட்டாள்.

"மேடம், நேத்து காலைல நீங்கதானே எங்க திண்டிவனம் பிராஞ்சுக்கு வந்தீங்க? பேரு, போன் நம்பர் எல்லாம் நீங்களே சொன்னீங்க. சிரிச்சிக்கினே கைய நீட்னீங்க."

சிரித்துக்கொண்டே! எனக்கு விளங்கிவிட்டது. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டு, திண்டிவனத்துக்குப் போட்டேன். அவள் ஒரு வங்கியில் கவுண்டரில் உட்காருகிறவள், சாப்பாட்டு நேரம் அது.

"ஏண்டி, எருமை! என் பேர்ல போயி ரத்தம் குடுத்தியா?"

எதையோ மெல்லுகிற சத்தம் நின்றது. பிறகு தேன் ஒழுகியது. "அக்கா…"

"அக்காவா? வாயக் கிழிச்சிடுவேன்!"

"நீ ஊசிக்குப் பயந்துக்கினு தெனம் அழுவற. எனக்குத்தான் ஒண்ணியும் இல்லியே. ஒரு சொட்டு ரத்தம் குடுத்தா உன் பிரச்சினை தீந்துதுன்னு போனேன். சின்ன வயசுல தடுப்பூசிக்கு நான்தானே நின்னேன்?"

"அதக் காட்டி என் மாத்திரையக் கொறச்சிட்டா நான் செத்துடுவேண்டி! அது தெரியுமா உனக்கு?"

"அது… தோணலக்கா."

ஐம்பது வயசுப் பொம்பளை, வங்கியில் பணம் எண்ணுகிறவள், தோணவில்லையாம். கோபத்தில் போனை வைத்தேன். வைத்த பிறகு சிரிப்பு வந்தது. யார் செய்வார்கள் இப்படி? எனக்காக ஊசி குத்திக்கொள்ள இந்த உலகத்தில் ஒருத்தி இருக்கிறாள். ஓய்வறையில் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டே மறுபடி போனைப் பார்த்தேன்.

ஆறு புள்ளி இரண்டு. சிரிப்பு நின்றது.

எனக்கென்றால் அது கொண்டாட வேண்டிய எண். ஆனால் அது என் எண் இல்லையே. சர்க்கரையே இல்லை என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தவளின் எண். ஆறரையைத் தொட்டால் வியாதி என்பார்கள். சர்க்கரை அவள் வாசலில் வந்து செருப்பைக் கழற்றிவிட்டது, உள்ளே காலெடுத்து வைக்கவேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் போனில் கேட்டதெல்லாம் எனக்கு வரிசையாக உறைத்தது. அவள் மகன் வேலைக்கு வளைகுடாப் பக்கம் போனதிலிருந்து அவள் மார்க்கெட்டுக்கு நடப்பதில்லை. அவன் ஷிப்ட் முடிந்து கூப்பிடும்வரை தூங்குவதில்லை. வீட்டுக்காரர் வருவதற்குள் டிவி முன்னால் தனியாக, எதையாவது நொறுக்கிக்கொண்டு. நான் என் ஊசியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன், அவள் "உம்" போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் லீவு போட்டேன். முதல் வேலையாக டாக்டரம்மாவுக்குப் போன் செய்து அந்த ரிப்போர்ட் என்னுடையது இல்லை என்று சொன்னேன். பிறகு பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி தாண்டும்வரை எப்படித் திட்டுவது என்று யோசித்தேன், அதற்கப்புறம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். இரண்டாவதுதான் வரவில்லை.

அவளும் லீவு போட்டிருந்தாள், நான் வருவேன் என்று தெரியும். கதவைத் திறந்ததும் "அக்கா, காப்பி போட்டுக்கினு இருக்கேன்" என்றாள்.

"காப்பி அப்புறம். உக்காரு. இந்த நம்பரு நல்ல நம்பரு இல்லடி, உனக்கு."

"லேபு தப்பு."

"லேபு தப்பு இல்ல. உனக்கும் எனக்கும் புஸ்தகம் ஒண்ணு. நான் பாடின பாட்ட நீயும் பாட ஆரம்பிச்சிக்கினு இருக்க."

அவளுக்குப் பாட்டு விளக்கம் தெரியும், என் வகுப்புக்கு ஒருமுறை உதாரணமாக வந்து நின்றிருக்கிறாள். உட்கார்ந்தபடியே தன் இரண்டு காலையும் இழுத்துப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன். அவளும் அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே அடுப்பில் பால் பொங்கி வழிய, இரண்டு பேரும் எழுந்து ஓடினோம்.

"இன்னும் வரலடி, தடுக்கலாம்" என்றேன், அடுப்பைத் துடைத்துக்கொண்டே. "எனக்கு வர்றதுக்கு முன்னாடி யாரும் சொல்லல. உனக்கு நான் சொல்றேன்."

"நீ போயி ரத்தம் குடு மொதல்ல. ஜல்தியா கெளம்பு. பெருசா சொல்ல வந்துட்டா."

போனோம். லேபில் அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"நேத்து கத்தினது நானு" என்றேன். "சிரிச்சது இவ."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கை தான் செய்ததைச் சொல்லி, பழைய ரிப்போர்ட்டைத் தன் பெயருக்கு மாற்றச் சொன்னாள். அதற்கு விதியில் இடமில்லை, புதுசாக எடுக்க வேண்டும் என்று அந்தப் பெண் கறாராகச் சொல்லிவிட்டாள். ஆக இரண்டு பேரும் கையை நீட்டினோம். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மறு கையை அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. ஊசியைப் பார்த்துச் சிரிக்கிறவள் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அவளுக்கு அதே ஆறு புள்ளி இரண்டு. எனக்கு ஏழரை. டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் எதிரே உட்காரவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். ஒருத்தர் ரத்தத்தை இன்னொருத்தர் பெயரில் கொடுப்பது எவ்வளவு ஆபத்து தெரியுமா என்று. மகள் வயசுக்காரியிடம் ஐம்பது வயசுப் பொம்பளைகள் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். திட்டி முடித்தபின் என் ரிப்போர்ட்டை எடுத்தாள்.

"ஒன்பதுல இருந்து ஏழரைன்னா சும்மா இல்ல டீச்சர். இப்போதைக்கு ஊசி வேணாம். இன்னும் மூணு மாசம் பாக்கலாம். ஆனா இந்தத் தடவ ஒங்க ரத்தத்தையே குடுங்க." பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, "நீங்களும் மூணு மாசம் கழிச்சு வரணும். அவங்க மாதிரியே சாப்பிடுங்க."

"இவள மாதிரியா? இவ எம்மா வேகமா சாப்பிடுவா தெரியுமா மேடம்?"

"முன்னாடி!" என்றேன்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு வாரம் நான் திண்டிவனம் போகிறேன், மறுவாரம் அவள் இங்கே வருகிறாள். சாயங்காலங்களில் போனில் பேசிக்கொண்டே இரண்டு ஊரிலும் இரண்டு பேரும் நடக்கிறோம். அவள் மகனிடமும் சொல்லியாயிற்று. ஷிப்டுக்கு முன்னாலேயே கூப்பிடுகிறான், அம்மா நேரத்துக்குப் படுக்கட்டும் என்று. எங்கள் மரபணுக்களின் மேல் எந்தச் சீட்டு ஒட்டியிருக்கிறது, எது பெயர்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதைப் பார்க்கிற கருவி விழுப்புரத்தில் இல்லை. அவள் போனில் நொறுக்குகிற சத்தம் இப்போது கேட்பதில்லை, அது மட்டும் எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில்தான். மறுநாள் காலை அவளுக்கு ரத்தம் கொடுக்க வேண்டிய நாள். கேப்பை அடை சுட்டிருந்தாள், முருங்கைக்கீரை போட்டு. நான்தான் தனித்தனித் தட்டு வேண்டாம் என்றேன். ஒரே தட்டை நடுவில் வைத்துக்கொண்டோம். ஒரு விதி, ஒருத்தி மென்று முடித்தபிறகுதான் மற்றவள் கை வைக்க வேண்டும். டிவி இல்லை, போன் இல்லை. முதலில் சிரித்துப் புரையேறியது. பிறகு மெல்ல ஆரம்பித்தோம். இவ்வளவு நேரம் அவள் முகத்தை நான் பார்த்ததேயில்லை, அந்தக் காலத்தில் தட்டைத்தானே பார்ப்போம். என்னைவிட அவளுக்கு நரை கூட.

கடைசித் துண்டு தட்டில் மிஞ்சியது. ஒரு காலத்தில் அதற்காகக் கையைக் கடித்துவைத்திருக்கிறோம். இப்போது இரண்டு பேரும் தொடாமல் உட்கார்ந்திருந்தோம்.

"நீ எடுடி" என்றேன்.

"நீ எடு, அக்கா."

எனக்கு வழக்கம்போலச் சந்தேகம் தட்டியது. "இன்னாடி தப்பு பண்ண இப்போ?"

"ஒண்ணியும் பண்ணல." தட்டைப் பார்த்தாள். "நாளைக்கி பயமா இருக்குது. நீ கூட வர்றியா?"

அந்தத் துண்டை இரண்டாகப் பிய்த்தேன். சரியாகப் பாதி வரவில்லை. சின்னதை அவளுக்குக் கொடுத்தேன்.

"பெருச நீ எடுத்துக்கின" என்றாள், மென்றுகொண்டே.

"வர்றேன்" என்றேன். "மெதுவா தின்னு."